எறங்கச் சொல்ற வார்த்தை

அண்ணே, அந்தப் பலாப்பழத்தக் கொஞ்சம் அங்குட்டு நகட்டுங்க, நானும் ஒரு ஓரமா ஒண்டிக்கிறேன். மடியில வச்சுத் தட்டிக் குடுக்குறீங்களே, கைப்பிள்ளையா அது? கண்டக்டரு பாத்தா அரை டிக்கெட் கேட்டுருவாரு. சிரிங்கண்ணே, தப்பில்ல.

குமுளியில ஏறுனதுலருந்து இது எனக்கு மூணாவது சீட்டு. முன்னாடி உக்காந்தா இஞ்சின் சூடு. பின்னாடி உக்காந்தா குலுக்கு. ஒரு எடத்துல எனக்கு இருப்புக் கொள்ளாதுண்ணே. பள்ளிக்கூடத்துலயும் அப்படித்தான். வாத்தியாரு மாதிரியே தும்முனேன்னு மூணாப்புல வெளிய அனுப்புனாரு. அப்படியே வந்துட்டேன், திரும்பிப் போகவே இல்ல. அவரு தும்மல் மட்டும் இன்னும் எங்கிட்ட இருக்கு. போட்டுக் காட்டவா? வேணாமா? சரி விடுங்க, முன் சீட்டு அக்கா மொறைக்குது.

எங்க போறீங்க? திண்டுக்கல்லா? நல்லது. நான் கரட்டடி விலக்குல எறங்கணும். வத்தலக்குண்டு தாண்டி. இது என்ன ஊரு? இன்னும் கம்பமே வரலையா? இந்த டிரைவரு என்ன, பொண்ணு பாக்கப் போறாப்புல ஓட்டுறான்.

என் பேரு ஒச்சப்பன். உசிலம்பட்டிப் பக்கம். வேலை என்னன்னா, சிங்கத்துக்குக் கறி போடுறது. பாருங்க, எல்லாரும் இப்படித்தான் முழிப்பாய்ங்க! நெசமாத்தாண்ணே. கரட்டடியில ஒரு மையம் இருக்கு. சர்க்கஸ்லருந்து புடிச்சிட்டு வந்த மிருகத்தைல்லாம் வச்சுப் பாக்குற எடம். பார்க்கு கிடையாது, டிக்கெட் போட்டுப் பாக்க முடியாது. அதுக கடைசிக் காலத்த நிம்மதியாக் கழிக்கட்டும்னு வச்சிருக்காய்ங்க. மூணு சிங்கம் இருக்கு. ஆணு ரெண்டு, பொண்ணு ஒண்ணு. அந்தப் பொண்ணு பேரு கோகிலா.

கோகிலாவப் பத்தித்தான் உங்ககிட்டச் சொல்லணும். நீங்களே நாயஞ் சொல்லுங்க.

அது வந்து எறங்குன அன்னைக்கி நாந்தான் லாரிக் கதவத் தெறந்தேன். பல்லு பூராம் ராவி விட்டுருந்தாய்ங்க. நகமும் கெடையாது. பொறந்ததுலருந்து கூண்டு, மேடை, லாரி. வேற எதையும் பாத்ததில்ல. இங்க வந்தா எவ்ளோ எடம் தெரியுமா? ரெண்டு ஏக்கரு, புல்லு, மரம், நடுவுல ஒரு பாறை. மத்த ரெண்டு ஆம்பளையும் கதவத் தெறந்தவொடனே போய்ப் புல்லுல பொரண்டாய்ங்க, கல்யாண வீட்டுல பந்தி முடிச்சவய்ங்க மாதிரி. இது மட்டும் வாசப்படியோட நின்னுக்கிச்சு. புல்லு மேல கால வைக்க மாட்டேங்குது. சிமெண்டுத் தரைதான் தெரியும் அதுக்கு. பாவம், உள்ளாறயே வட்டம் வட்டமாச் சுத்தும். பழைய கூண்டு எத்தினி அகலமோ அத்தினி அகலம்.

டாக்டரம்மா இருக்காங்க, ஜெசிந்தாம்மா. நல்ல பொம்பளதான், ஆனா சிரிக்கவே மாட்டாங்க. அவங்க போட்ட சட்டம் என்னன்னா, கோகிலாவ யாரும் கூப்பிடக் கூடாது. பேசக் கூடாது. கறியத் தெனமும் ஒரு சாண் தள்ளித் தள்ளி வைக்கணும். வச்சிட்டு முதுகக் காட்டி உக்காரணும். அதுக்கா எப்பத் தோணுதோ அப்ப வரட்டுமாம்.

(அவங்க குரல்ல சொல்றேன் கேளுங்க.) "ஒச்சப்பன். இது அவளோட முடிவு. நம்மளோட முடிவு இல்ல. புரியுதா ஒச்சப்பன்?" எப்படி! அச்சா இருக்குல்ல? அவங்க வீட்டுக்காரரே ஒருக்கா போன்ல ஏமாந்துட்டாரு.

நானும் உக்காந்தேண்ணே, முதுகக் காட்டி. எனக்கு! என்னய! வாய மூடிக்கிட்டு! கூட இருக்குற சின்னக்காளை, அவன் எம் பங்காளிதான், மரம் மாதிரி உக்காருவான். நான் அஞ்சு நிமிசத்துல நெளிவேன். ஒரு காக்கா கத்துனா எனக்குப் பதிலு குடுக்கணும், இல்லாட்டி தொண்ட அரிக்கும். "லேய், கம்முனு இர்றா"ம்பான். மாசக்கணக்கா இதே கதைதான். கடைசியா ஒருநாளு முன்னங்கால் ரெண்டையும் புல்லு மேல வச்சிச்சு. வச்சிட்டு அப்படியே நின்னுச்சு. டாக்டரம்மா கண்ணுல தண்ணி. எனக்கு என்ன தோணுச்சுன்னா, அட, ரெண்டு காலு போடவே இத்தினி மாசம், பின்னங்கால் எந்த வருசத்துக்கு?

இதுக்கெடையில ஒரு விசயம். லாரியோட கூண்டு கழுவுற ஆளு ஒருத்தன் வந்திருந்தான். அவன் போன்ல ஒரு வீடியோ இருந்துச்சு. கோகிலா சர்க்கஸ்ல பண்ணுனது. சிகப்புக் கோட்டுப் போட்டுக்கிட்டு ஒரு மாஸ்டரு, மலையாளத்து ஆளு, குஞ்ஞிராமன் மாஸ்டருன்னு பேரு. என்ன குரலுங்கிறீங்க! தேன்ல நனைச்ச மாதிரி. "வா மோளே... வா மோளே..." மோளேன்னா மகளேன்னு அர்த்தம். மகளேன்னு கூப்பிடுறாருண்ணே ஒரு சிங்கத்த! பெறகு பெரம்ப இரும்புல ஒரு தட்டு. டொக், டொக். (நாக்காலயே அடிக்கிறேன் பாருங்க. டொக், டொக்.) "ஹேய்ப்!" அவ்ளோதான். கோகிலா அம்பு கணக்காப் பாஞ்சு ஸ்டூல் மேல ஏறி உக்காந்துக்கிரும். முதுகு நேரா. கண்ணு நேரா. இஸ்கூல் பிள்ளை கெட்டுச்சு போங்க. வீடியோ அதோட முடிஞ்சிருது.

அந்தக் குரல ஒரே ராத்திரியில புடிச்சிட்டேன்.

நெளியாதீங்க, கதை இனிமேத்தான். இது கம்பமா? ஒரு டீ அடிக்கலாமான்னா இவன் நிறுத்தாமப் போறான் பாருங்க. போ, போ.

மேல இருந்து ஒரு ஆபீசர் வந்தாரு, மெட்ராஸ்லருந்து. கூட நாலஞ்சு பேரு. எடத்துக்குக் காசு ஒதுக்குறவங்கன்னு சின்னக்காளை சொன்னான். சிங்கம் புல்லுல நடக்குறதப் பாக்கணும்னு ஆசையா நிக்கிறாய்ங்க. கோகிலா வாசப்படியில முன்னங்கால வச்சுக்கிட்டு நிக்கிது. டாக்டரம்மா, "இன்னைக்கி இவ்ளோதான் சார், அவள அவசரப்படுத்த மாட்டோம்"னு சொல்றாங்க. அந்த ஆபீசரு மொகம் போன போக்கு இருக்கே! பொண்ணு வீட்டுல பஜ்ஜி வரலைன்னா மாப்பிள்ள வீட்டார் மொகம் போகுமே, அப்படி. எனக்குத் தாங்கல. எங்க மையத்துக்கு ஒரு கேவலம்னா எனக்குத் தாங்காதுண்ணே.

வேலிக்கு இந்தாண்ட நின்னு ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை. "வா மோளே..." டொக் டொக். "ஹேய்ப்!"

என்னா ஓட்டம்! புல்லாவது மண்ணாவது! ரெண்டு ஏக்கரையும் ஒரே பாய்ச்சல்ல தாண்டி, நடுவுல இருக்குற பாறை மேல ஏறி, முன்னங்கால் ரெண்டையும் சேத்து வச்சு, உக்காந்துச்சு பாருங்க ராணி மாதிரி! ஆபீசரு கை தட்டுறாரு. கூட வந்தவய்ங்க போட்டோ எடுக்குறாய்ங்க. அது சந்தோசத்துல அப்படியே பாறையிலயே ஒண்ணுக்குப் போயிருச்சு. கொழந்தைக போகும்ல, ரொம்ப நாள் கழிச்சு அப்பன் வந்தா? அந்தக் கணக்கு. ஒடம்பெல்லாம் நடுங்குது பாசத்துல.

நான் ஒரு சல்யூட் அடிச்சேன். திரும்பி டாக்டரம்மாவப் பாத்தேன். அவங்க கை தட்டல. மத்தவங்க எல்லாம் தட்டுறாங்க, அவங்க மட்டும் என்னய ஒரு பார்வை பாத்தாங்க. பொறாமைன்னு நெனச்சேன். மாசக்கணக்காச் செஞ்ச வேலைய ஒருத்தன் கண்ணச் சிமிட்டுற நேரத்துல முடிச்சா யாருக்குத்தான் பொறுக்கும்?

ஆபீசரு போயிட்டாரு. கோகிலா எறங்கல.

சித்திரை வெயிலுண்ணே. பாறை தோசைக்கல்லு மாதிரி காயுது. நெழலு பத்தடியில இருக்கு, தண்ணித் தொட்டி அதுக்குப் பக்கத்துல. எறங்க மாட்டேங்குது. நாக்கு தொங்குது, எச்சி ஒழுகுது, ஆனா உக்காந்த உக்காரு மாறல. டாக்டரம்மா கறியக் காட்டுனாங்க. கொழாயில தண்ணி பீச்சுனாங்க. ம்ஹூம். மயக்க ஊசி போட்டு எறக்கலாம்னா, அதுக்குக் கிட்னி சரியில்ல, ஊசி போட்டா எந்திரிக்காமப் போயிரும்ங்கிறாங்க.

அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு. ஏறச் சொல்றது நான் படிச்சிட்டேன், எறங்கச் சொல்றது வீடியோவுல இல்ல! மாஸ்டரு எறங்கறதுக்குன்னு ஒரு வார்த்தை வச்சிருப்பாருல்ல? அது தெரியாம அது எப்படி எறங்கும், ஒழுங்கா வளந்த பிள்ளை.

வேலியப் புடிச்சுக்கிட்டு, அந்தக் குரல்லயே, எனக்குத் தெரிஞ்ச எல்லாத்தையும் சொல்லிப் பாத்தேன். "டவுன் மோளே." "போ மோளே." "கோ மோளே." "மதி மோளே", அதாவது போதும்னு. "எறங்கு தாயி, எறங்குடி ஏஞ் சாமி." ஒவ்வொண்ணு சொல்லச் சொல்ல அது இன்னும் நிமுந்து உக்காருது. இன்னும் நேரா. நானும் இன்னும் சத்தமாச் சொல்றேன், அதுவும் இன்னும் நிமுருது. தொண்ட கட்டிப்போச்சு எனக்கு. டாக்டரம்மா என்னமோ கத்துறாங்க, காதுல விழுகல. சின்னக்காளை வந்து பின்னாடியிருந்து என் வாயப் பொத்தி, இடுப்பப் புடிச்சுத் தூக்கிட்டுப் போயி, அங்குட்டுத் தீவனக் கொட்டாயில தள்ளிக் கதவ வெளிய தாப்பா போட்டுட்டான். எம் பங்காளி! சொந்தப் பங்காளி!

இதுல வேடிக்கை என்னன்னா, நான் அங்குட்டுப் போன கொஞ்ச நேரத்துலயே அது எறங்கிருச்சாம். நேரா நெழலுக்குப் போயிப் படுத்துருச்சாம். பாருங்க, அம்புட்டு நேரம் நான் தொண்டத் தண்ணி வத்தக் கெடந்தேன், நான் இல்லாத நேரமாப் பாத்து எறங்கிருக்கு. அதப் பாக்க எனக்குக் குடுத்து வைக்கல.

என்ன அப்படிப் பாக்குறீங்க? ஏதாச்சும் சொல்லணுமா? இல்லையா. சரி.

அன்னையிலருந்து பிடிச்ச சனி. கோகிலா வாசப்படிக்குக் கூட வர மாட்டேங்குது. பின்கட்டு அறையில மூலையில கெடக்கு. என்னய ஈமு கோழிப் பக்கம் மாத்திட்டாங்க. ஈமு! நெட்டக் கழுத்த வச்சுக்கிட்டு அது என்னயப் பாக்கும், நான் அதப் பாப்பேன். அங்கயும் சும்மா இருக்க முடியுதா? ஒருநாளு சின்னக்காளை எதுக்கோ சிரிச்சான், நானும் சிரிச்சேன், அவ்ளோதான். எங்கயோ அந்தக் கடைசியில நான் சிரிச்சதுக்கு, கோகிலா இந்தக் கடைசியில, அறைக்குள்ள படுக்கப் போட்டிருக்குற பலகை மேல ஏறி உக்காந்துக்கிச்சாம். நேரா. கறியத் தொடல. நான் பேசுற நாளெல்லாம் பலகை மேலதான். இளைச்சு எலும்பு தெரியுது. என்னயத் தேடுதுண்ணே. நான் இல்லாம ஏங்குது. அதத்தான் நானும் டாக்டரம்மாகிட்டச் சொன்னேன். "என்னய அதுகிட்ட விடுங்கம்மா, எல்லாம் சரியாப் போகும்"னு.

அதுக்கு அவங்க சொன்னாங்க, "ஒச்சப்பன், ஒண்ணு நீங்க இந்த வளாகத்துக்குள்ள வாயே தெறக்கக் கூடாது. இல்லைன்னா திண்டுக்கல்ல வன நாற்றங்கால்ல ஒரு வேலை இருக்கு, அங்க போங்க. இவ இன்னும் கொஞ்ச நாளு இப்படியே சாப்பிடாமக் கெடந்தா தாங்க மாட்டா."

வாயத் தெறக்காம இருந்து பாத்தேண்ணே, சத்தியமா. துண்டால வாயக் கட்டிக்கிட்டே ஒருநாளு முழுக்கச் சுத்துனேன். சாயங்காலம் ஈமு ஒண்ணு அடித்தொண்டையில "டும்ம்"னுச்சு. என்னய அறியாம நானும் "டும்ம்"னுட்டேன். துண்டையும் மீறி. ஓடிப் போயிப் பாத்தா... பலகை மேல.

நாற்றங்கால்னா என்ன, செடிக்குத் தண்ணி ஊத்தணும். செடிகிட்ட என்னத்தப் பேச? செடி தும்முமா? கோகிலாவ விட்டுட்டு எப்படிப் போவேன், நீங்களே சொல்லுங்க. அப்ப என்ன வழி? எறங்கச் சொல்ற வார்த்தை ஒண்ணு கெடச்சாப் போதும். அது பலகை மேல ஏறுனா, நான் அந்த வார்த்தையச் சொல்லுவேன், அது எறங்கிச் சாப்பிடும். பெறகு நான் பாட்டுக்குப் பேசலாம், அது பாட்டுக்கு இருக்கலாம்.

அதான் மாஸ்டரத் தேடிப் போனேன். லாரியோட வந்த அந்தக் கூண்டு கழுவுற ஆளுகிட்ட விசாரிச்சா, கட்டப்பனைக்கு மேல மக வீட்டுல இருக்காருன்னான். மொளகுத் தோட்டம். ஏத்தம்னா ஏத்தம், மூச்சு வாங்கிப் போச்சு. போயிச் சேந்தா வாசல்ல யாருமில்ல. நாய் ஒண்ணு படுத்திருந்துச்சு. சரி, மாஸ்டருக்கு ஒரு ஷாக் குடுப்போம்னு, முத்தத்துல நின்னு அவரு குரல்லயே விட்டேன். "வா மோளே... வா மோளே..." டொக் டொக்.

உள்ள ஏனம் ஒண்ணு விழுந்து உருண்ட சத்தம். அந்தம்மா, அவரு மக, லதிகான்னு பேரு, அம்பது வயசு இருக்கும், கையில மாவோட ஓடி வந்து தூணு பக்கத்துல நேரா நின்னுச்சு. கைய ரெண்டையும் ஒட்ட வச்சுக்கிட்டு. தல குனிஞ்சு. பெறகு நிமுந்து என்னயப் பாத்துட்டு, "யாரு?"ன்னுச்சு. எவ்ளோ மரியாதையான குடும்பம் பாருங்க! அப்பன் கூப்பிட்ட குரலுக்கு அம்பது வயசுலயும் ஓடி வருது. நாய்தான் எங்க போச்சுன்னே தெரியல.

மாஸ்டரு உள்ள கட்டில்ல இருந்தாரு. வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துருச்சு, பேச்சு கொழறுது. நான் அவரு குரல்ல பேசிக் காமிச்சேன். அவருக்கு அழுகையா சிரிப்பான்னு தெரியல, வாயி கோணிருச்சு. "எறங்கறதுக்கு என்னா வார்த்தை மாஸ்டரே?"ன்னு கேட்டேன். என்னயவே பாக்குறாரு. திரும்பக் கேட்டேன். கைய இப்படி, இப்படி ஆட்டுனாரு. ஒண்ணுமில்லங்குற மாதிரி. தொழில் ரகசியம், சொல்ல மாட்டேங்குறாருன்னு நெனச்சேன். கால்ல விழுந்தேன். எம் பிள்ளை சாகப் போகுது மாஸ்டரேன்னேன். அதே மாதிரி கைய ஆட்டுறாரு.

திரும்பி வர்றப்ப அந்தம்மா வாசல் வரைக்கும் வந்துச்சு. அதும் சர்க்கஸ்லயே வளந்ததுதான், கம்பியில நடக்குமாம். நல்லாத் தமிழ் பேசுது. சொல்லுச்சு: "அப்படி வாக்கு ஒண்ணும் இல்ல சேட்டா. எறங்குன்னு அச்சன் யார்கிட்டயும் சொன்னதில்ல. அச்சன் மேடைய விட்டுப் போகும். காலடிச் சத்தம் தூரமாப் போகும். இனிமே வராதுன்னு தெரிஞ்ச பெறகு நாங்க எறங்குவோம்."

நாங்கன்னுச்சுண்ணே. சிங்கம் எறங்கும்னு சொல்லல.

வெரல்ல ஒட்டுன மாவ உருட்டிக்கிட்டே இன்னொண்ணும் சொல்லுச்சு. "அந்தச் சத்தத்த இனி எடுக்காதீங்க சேட்டா"ன்னு. கெஞ்சுற மாதிரி. நான் சிரிச்சேன். "ஏம்மா, அப்பா குரலு, நல்லா இல்லையா?"ன்னேன். அது உள்ள போயிருச்சு.

நீங்களே சொல்லுங்க. வெறுமனே போறதுக்கு ஒரு வித்தை வேணுமா? போறதெல்லாம் ஒரு வேலையா? எவ்ளோ குரலு வச்சிருக்கேன் நான்! யானை, ரயிலு, டாக்டரம்மா, கலெக்டரு வரைக்கும். போறதுக்கு என்னா குரல்ல போறது? குமுளி வரைக்கும் அதத்தான் யோசிச்சிட்டு வந்தேன். இப்பவும் அதத்தான் யோசிக்கிறேன். அதான் சீட்டு மாறி மாறி உக்காந்துக்கிட்டுக் கெடக்கேன். எப்ப தேனி போச்சுன்னே தெரியல. வத்தலக்குண்டும் போயிருச்சா?

அண்ணே. கொஞ்சம் மெதுவாப் பேசிக்குவோம்.

அந்தா தெரியுதுல்ல, நீளமா ஒரு மதில். அதேதான். மதிலுக்கு அந்தாண்ட ரெண்டாவது கட்டடம். மத்தியானக் கறி வைக்கிற நேரம் இது. சின்னக்காளை வச்சிட்டு முதுகக் காட்டி உக்காந்திருப்பான். நான் நேத்திக்கெல்லாம் ஊர்ல இல்ல, ரெண்டு நாளா நல்லாச் சாப்பிட்டிருக்கும்போல. அந்தப் பயபுள்ள போன்ல சொன்னான், வாசப்படி வரைக்கும் வந்துச்சுன்னு. நான் வந்ததும் காட்டணும்னு வந்திருக்கும்னு நெனச்சேன். அப்படித்தானே இருக்கும்? அப்படித்தானே?

பஸ்ஸு நிக்கிது பாருங்க. "கரட்டடி விலக்கு, கரட்டடி விலக்கு"ன்னு கத்துறான் கண்டக்டரு. ஜன்னல் வேற பூராம் தெறந்து கெடக்கு, காத்து அங்குட்டு அடிக்குது.

அண்ணே, ஒரு ஒத்தாசை. காதக் குடுங்க. திண்டுக்கல்லுக்கு இன்னொரு டிக்கெட்டுன்னு அவருகிட்ட நீங்களே கேட்டு வாங்கிருங்க, இந்தாங்க காசு. யாரும் எறங்கல, ரைட்டுன்னும் நீங்களே சொல்லிருங்க. நான் சொல்லலண்ணே. உங்க குரல்லயே சொல்லுங்க. சத்தமா வேணாம்.

மதில் முடிஞ்சிருச்சா?

இன்னுங் கொஞ்சம் போகட்டும்.